பெர்கன்: எரிந்தும் உருமாறாத துறைமுக நகரம்

நார்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே புகுந்து வளைந்திருக்கும் ஒரு சிறிய இயற்கைத் துறைமுகத்தைச் சுற்றி வளர்ந்த பெர்கன், அந்நாட்டின் இரண்டாவது பெரிய நகரமாகும். 1070-ஆம் ஆண்டில் அரசர் மூன்றாம் ஓலாவ் இதனை நிறுவினார் என்பது மரபு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் நார்வே அரசர்களின் முதன்மை இருப்பிடமாக இருந்த இந்நகரம், அடுத்த பல நூற்றாண்டுகள் வட ஐரோப்பாவின் மீன் வணிகத்துக்குத் தலைவாசலாக விளங்கியது. இன்று பெரும்பாலான பயணிகள் மலைகளுக்கிடையே கடல் ஊடுருவிய ஃபியோர்டு எனப்படும் நீண்ட நீர்ப்பள்ளத்தாக்குகளைக் காணச் செல்லும் வழியில் இங்கு ஒரு நாள் தங்கி, துறைமுகத்தை நோக்கி நிற்கும் வண்ண மரவீடுகளைப் படமெடுத்துக்கொண்டு புறப்பட்டு விடுகிறார்கள். அந்த வீடுகளின் அழகு உண்மையானதே என்றாலும், அவை அங்கே நிற்பதற்கான காரணத்தை அறியாமல் திரும்புவது பெரிய இழப்பாகும். பெரும்பாலும் மரத்தால் கட்டப்பட்டு, மீண்டும் மீண்டும் தீக்கிரையாகி, பல முறை பழைய மனை எல்லைகளின் மீதே பழைய அமைப்பிலேயே எழுப்பப்பட்ட நகரம் இது. இங்குள்ள பார்வையிடங்கள் ஏறத்தாழ அனைத்தும் ஏதோ ஒரு வகையில் அழிவிலிருந்து மீட்கப்பட்டவை என்ற உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் அவற்றின் அருமை விளங்கும்.

முதலில் காண வேண்டியது பிரிக்கன் என்ற பழைய கப்பல்துறை. துறைமுகத்தின் வடகிழக்குக் கரையில் கூம்பு முகப்புகளைக் கடலுக்குக் காட்டியபடி நெருக்கமாக நிற்கும் இவ்வீடுகள் வெளியிலிருந்து பார்ப்பதற்கு ஒற்றை வரிசைபோலத் தோன்றினாலும், ஒவ்வொரு முகப்பின் பின்னாலும் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்நோக்கி நீண்டு செல்கின்றன. இரண்டு நீண்ட வரிசைகள் எதிரெதிராக நிற்க, நடுவே பலகை பாவிய ஒடுக்கமான சந்து ஓட, மேல்தளங்களில் திறந்த தாழ்வாரங்கள் சந்தின் மீது நீட்டிக்கொண்டிருப்பதே இங்குள்ள வணிகமனை ஒன்றின் அமைப்பாகும். மரத்தண்டுகளை மூலைகளில் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பொருத்திச் சுவரெழுப்பும் முறையில் கட்டப்பட்ட இந்த மனைகளுக்குப் பின்புறத்தில், கல்லால் கட்டிய சேமிப்பறைகள் தனியே நிற்கின்றன. விலையுயர்ந்த சரக்கும் கணக்கேடுகளும் தீக்குத் தப்ப வேண்டும் என்பதற்காக வணிகர்கள் செய்துகொண்ட ஏற்பாடு அது.

இந்த வணிகர்கள் ஜெர்மானியர்கள். லூபெக் நகரத்தைத் தலைமையாகக் கொண்டு வடகடல், பால்டிக் கடல் வட்டாரத்து வணிக நகரங்கள் இணைந்து உருவாக்கிய கூட்டமைப்பே ஹன்சா எனப்பட்டது. அது தன் ஆட்சிக்கு வெளியே லண்டன், புரூஷ், நோவ்கோரோட், பெர்கன் ஆகிய நான்கு இடங்களில் கொண்டோர் எனப்படும் நிலையான வணிகத்தளங்களை வைத்திருந்தது. இவற்றுள் கட்டடத் தொகுதியாக இன்றும் கண்ணால் காணக்கூடியது பெர்கன் தளம் மட்டுமே. 1360-ஐ ஒட்டி முறையாக அமைந்த இத்தளம் 1754 வரை ஜெர்மானியர் கையில் இருந்து, பின்னர் நார்வே வணிகர்களுக்கு மாறியது.

அவர்களை இத்தனை தொலைவு வரவழைத்த சரக்கு உலர்மீன். நார்வேயின் வடபகுதியிலுள்ள லோஃபோட்டன் தீவுகளுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தின் பிற்பகுதியில் முட்டையிட வரும் காட் மீன்களைப் பிடித்து, தலையும் குடலும் நீக்கி, இரண்டிரண்டாக வாலில் பிணைத்து, மரச்சட்டங்களில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் காற்றாட விடுவார்கள். நம் கருவாட்டைப்போல இதற்கு உப்பு சேர்ப்பதில்லை. வெப்பநிலை உறைநிலையை ஒட்டியே நிற்பதால் மீன் அழுகுவதுமில்லை, முற்றாக உறைந்துபோவதுமில்லை. ஈரம் மட்டும் வெளியேறி, மரக்கட்டைபோல் விறைத்து, எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைந்து, ஆண்டுக்கணக்கில் கெடாமலிருக்கும் பண்டமாகி விடுகிறது. இறைச்சி விலக்கிய நோன்பு நாள்கள் மிகுந்திருந்த கத்தோலிக்க ஐரோப்பாவில் இதற்கு ஓயாத கிராக்கி இருந்தது. தானியம் போதிய அளவு விளையாத வடநார்வேக்கோ மாவும் மால்ட்டும் தேவைப்பட்டன. மீனவர்கள் உலர்மீனைப் படகிலேற்றிப் பெர்கனுக்குக் கொண்டுவர, ஜெர்மன் வணிகர்கள் தானியத்தைக் கொடுத்து அதைப் பெற்றுக்கொண்டார்கள். அடுத்த பருவத்துத் தானியத்தை முன்கூட்டியே கடனாகக் கொடுத்து, மீனவரைத் தலைமுறை தலைமுறையாகத் தம்மோடு கட்டிவைத்த வழக்கமும் இவ்வணிகத்தின் உள்ளடக்கமே. இந்தத் தளத்தின் சின்னத்தில் லூபெக்கின் பாதிக் கழுகுக்கு அருகே முடிசூட்டிய உலர்மீன் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது என்பதே அதன் அரசர் யார் என்பதைச் சொல்லிவிடும்.

பிரிக்கனில் வாழ்ந்த ஜெர்மானியர் ஆண்கள் மட்டுமே. தளத்தில் பணியாற்றும் காலம் வரை அவர்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. சிறுவயதிலேயே பயிற்சிப் பணியாளராக வந்து சேர்ந்தவர்கள் அலமாரிபோல் கதவுடைய மரக்கட்டில்களில் நெருக்கியடித்துக்கொண்டு உறங்கினார்கள். தீ அச்சத்தால் மனைகளுக்குள் அடுப்போ விளக்கோ ஏற்றுவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தமையால், இருண்ட நார்வேக் குளிர்காலத்தை அவர்கள் மனைகளுக்குள் கணப்பின்றியே கழிக்க நேர்ந்தது. சமையலுக்கும் உணவுக்கும் குளிர்காய்வதற்கும் மனைகளுக்குப் பின்னால் சற்றுத் தள்ளிக் கூடங்கள் கட்டப்பட்டிருந்தன. அவற்றில் சில இன்று அருங்காட்சியகமாகப் பேணப்படுகின்றன. நீண்ட மேசைகளும் சுவரோர இருக்கைகளும் கொண்ட அக்கூடங்களில் நின்றால், ஒரே நெருப்பைச் சுற்றி நடந்த அவர்களது கூட்டு வாழ்க்கை ஓரளவு புலப்படும். புதிதாக வந்த சிறுவர்களைப் புகையில் தொங்கவிட்டும் கடலில் அமிழ்த்தியும் சவுக்கால் அடித்தும் நடத்திய கொடிய நுழைவுச் சடங்குகளும் இங்குதான் இருந்தன. வணிகப் பெருமையைப் பேசும் வழிகாட்டி நூல்கள் இதை ஓரிரு வரியில் கடந்து செல்வது சரியன்று. அச்செல்வம் யாருடைய குளிரிலும் அச்சத்திலும் திரண்டது என்பதையும் அறிந்துதான் அந்தச் சந்துகளில் நடக்க வேண்டும்.

இத்தனை எச்சரிக்கை இருந்தும் தீ விடவில்லை. 1702-இல் ஏற்பட்ட பெருந்தீ நகரத்தின் பெரும்பகுதியோடு பிரிக்கன் முழுவதையும் சாம்பலாக்கியது. இன்று நிற்கும் வீடுகள் அதன் பின்னர் எழுந்தவை. ஆனால் மனைகளின் அகலம், சந்துகளின் போக்கு, வரிசைகளின் அமைப்பு ஆகியவை இடைக்காலத்தில் இருந்தபடியே இருக்கின்றன. பிரிக்கனின் தென்பகுதி 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இடிக்கப்பட்டு, அதே கூம்பு முகப்பைச் செங்கல்லில் காட்டும் கட்டடங்கள் அங்கே எழுந்தன. பிறகு 1955-இல் மற்றொரு தீ வடபகுதியை அழித்தபோது, எஞ்சியதையும் அகற்றிவிடலாம் என்று கருதியோர் இருந்தனர். ஆனால் அதைத் தொடர்ந்து நடந்த அகழாய்வால், அந்தத் தீயே பிரிக்கனைக் காப்பாற்றியது எனலாம்.

எரிந்த நிலத்தில் ஆஸ்பியோர்ன் ஹெர்டைக் என்ற தொல்லியலாளரின் தலைமையில் 1955 முதல் 1968 வரை அகழாய்வு நடந்தது. பூமிக்கடியில் மண்ணும் கரியும் மாறிமாறி அடுக்கடுக்காகப் படிந்திருந்தன. ஒவ்வொரு கரியடுக்கும் ஒரு தீவிபத்தின் தடம். பழைய ஆவணங்களிலும் அரசர் வரலாறுகளிலும் குறிக்கப்பட்ட தீவிபத்து ஆண்டுகளோடு அவற்றை ஒப்பிட்டு, இரண்டு கரியடுக்குகளுக்கு இடையே கிடைத்த செருப்பு, சீப்பு, மட்கலம் ஆகியவற்றின் காலத்தை ஆய்வாளர்கள் கணித்தார்கள். நகரத்தை அழித்த நெருப்பே அதன் வரலாற்றுக்கு நாள்காட்டியாக அமைந்தது. இடிபாடுகளையும் குப்பையையும் கடலில் கொட்டி அதன்மீது புதிய கப்பல்துறையை அமைத்து வந்ததால், கரை படிப்படியாகக் கடலுக்குள் முன்னேறியதும் அப்போது தெரியவந்தது.

அங்கே கிடைத்தவற்றுள் மிக அரியவை ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் கீறப்பட்ட அறுநூற்றுக்கும் மேற்பட்ட மரக்குச்சிகளும் எலும்புத் துண்டுகளும் ஆகும். கிறித்தவமும் லத்தீன் எழுத்தும் வந்தபின் ரூன் எழுத்து வழக்கொழிந்தது, எஞ்சியது கல்லறைக் கற்களில் மட்டுமே என்ற கருத்தை இவை தகர்த்தன. பதினான்காம் நூற்றாண்டு வரை சாதாரண மக்கள் கத்தி முனையால் குச்சியில் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தார்கள்: சரக்கு மூட்டையின் உரிமையாளர் பெயர், வணிகக் கடிதம், காதல் செய்தி, வேண்டுதல், வசை என எல்லாம் இருக்கின்றன. கீடா என்ற பெண் ஒருவனை வீட்டுக்கு வரச் சொல்லும் குறுஞ்செய்தி ஒரு குச்சியில் இருக்கிறது. மதுக்கடையில் அமர்ந்திருந்த கணவனுக்கு மனைவி அனுப்பியதாக இருக்கலாம் என்பது ஊகம். அகழாய்வு நடந்த இடத்திலேயே, பன்னிரண்டாம் நூற்றாண்டு அடித்தளங்களை உள்ளடக்கி 1976-இல் திறக்கப்பட்ட பிரிக்கன் அருங்காட்சியகத்தில் இவற்றைக் காணலாம். பெர்கனில் மழை பெய்யும்போது ஒதுங்குவதற்கு இதைவிடச் சிறந்த இடமில்லை.

எஞ்சிய அறுபதுக்கும் சற்று மேற்பட்ட மரக்கட்டடங்களைக் காக்க 1962-இல் அறக்கட்டளை ஒன்று அமைந்தது. 1979-இல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆயினும் அடியில் ஓர் ஆபத்து இருந்தது. நீரில் மூழ்கிக் காற்றுப் படாமல் இருக்கும் வரை மரத்தாலான அடித்தளங்கள் நூற்றாண்டுகளானாலும் மக்குவதில்லை. அருகில் நவீனக் கட்டடம் எழுந்தபோது நிலத்தடி நீர் வடிந்துபோகவே, ஆக்சிஜன் உள்ளே புகுந்து, மரமும் பழைய குப்பையடுக்கும் மக்கத் தொடங்கி, வீடுகள் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வீதம் தாழ்ந்தன. மழைநீரைத் தேக்கி நிலத்துக்குள் மீண்டும் செலுத்தும் ஏற்பாடுகளால் நீர்மட்டம் இப்போது உயர்த்தப்பட்டுள்ளது. சந்துகளில் சாய்ந்தும் கோணியும் நிற்கும் சுவர்களுக்குக் கீழே கைத்தச்சர்கள் பழைய முறையிலேயே மரத்தை மாற்றிப் பொருத்தும் பணியை நேரில் காண முடிகிறது; முகப்பு வண்ணங்களைவிட இதுவே நின்று பார்க்கத் தக்கது.

பிரிக்கனுக்குப் பின்னால் நிற்கும் மரியா தேவாலயம் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கட்டடம் இதுவே. 1408 முதல் 1766 வரை ஜெர்மன் வணிகர்களின் வழிபாட்டிடமாக இருந்ததால் அவர்களுடைய காணிக்கைகளால் நிறைந்திருக்கிறது. 1676-ஆம் ஆண்டின் பிரசங்க மேடையில் நற்பண்புகள் பெண்ணுருவங்களாக நிற்கின்றன. அதில் ஆமை ஓடும் பதிக்கப்பட்டுள்ளது.

துறைமுக வாயிலில் இருக்கும் கோட்டை வளாகத்துக்குள் ஹோகோன் மண்டபமும் ரோசன்கிரான்ட்ஸ் கோபுரமும் உள்ளன. அரசர் ஹோகோன் ஹோகோன்சன் 1247-க்கும் 1261-க்கும் இடையே எழுப்பிய கல்மண்டபத்தில் அவர் மகன் மாக்னுஸின் திருமணம் நடந்தது. ஆட்சி டென்மார்க்கின் கைக்குப் போனபின் இது வெறும் கிடங்காகி, கூரையிழந்து, மறக்கப்பட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் மீண்டும் அரச மண்டபம் என அடையாளம் காணப்பட்டது. கோபுரம் 1560-களில் ஆளுநர் எரிக் ரோசன்கிரான்ட்ஸ் கட்டியது. துறைமுகத்தையும் அதில் செழித்திருந்த ஜெர்மன் வணிகரையும் ஒருசேரக் கண்காணிக்க அதன் பீரங்கிகள் உதவின. 1944 ஏப்ரல் 20 அன்று, ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, ஏறத்தாழ 120 டன் வெடிபொருளுடன் கோட்டைக்கு முன்னே நின்றிருந்த ஃபோர்போட என்ற டச்சுக் கப்பல் வெடித்துச் சிதறியதில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் காயமுற்றனர். மண்டபத்தின் கூரையும் உள்ளமைப்பும் எரிந்துபோயின, கோபுரம் நொறுங்கியது, கப்பலின் நங்கூரத் துண்டு 400 மீட்டருக்கு மேல் உயரமுள்ள மலையொன்றின் மீது போய் விழுந்தது. மண்டபம் மீட்கப்பட்டு 1961-இல், தன் எழுநூறாவது ஆண்டில், மீண்டும் திறக்கப்பட்டது. இன்றும் அரசு விருந்துகளும் இசை நிகழ்ச்சிகளும் அங்கே நடக்கின்றன.

நகர மையத்தில் நடப்போர் தெருக்களின் அகலத்தைக் கவனிக்க வேண்டும். ஒருபுறம் இருவர் எதிரெதிரே வந்தால் ஒதுங்க வேண்டிய சந்துகள். மறுபுறம் அல்மென்னிங் எனப்படும் மிக அகன்ற வீதிகள். தீ ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குத் தாவாதபடி திட்டமிட்டு வெறுமையாக விடப்பட்ட இடைவெளிகளே இவ்வீதிகள். 1916-இல் மையப்பகுதி எரிந்தபின் மேலும் விரிவாக்கப்பட்ட டோர்கால்மென்னிங்கன் இன்று நகரின் பெருஞ்சதுக்கம். அருகிலுள்ள மீன் சந்தையைக் காணாமல் யாரும் திரும்புவதில்லை. அது பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகளுக்கான உணவுக் கடைகளாகிவிட்டதால் அதற்கு அரைமணி நேரம் போதும்.

மாறாக, மிகக் குறைவான பயணிகளே நுழையும் ஓரிடத்துக்கு அரைநாள் ஒதுக்கலாம். தொடர்வண்டி நிலையத்துக்கு அருகிலுள்ள புனித யோர்கன் மருத்துவமனை, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தொழுநோயாளிகளின் இருப்பிடமாக இருந்தது. 1702 தீக்குப்பின் எழுந்த மரக்கட்டடங்கள் இன்று தொழுநோய் அருங்காட்சியகமாக உள்ளன. நடுவே இரண்டு தளம் உயர்ந்த ஒரு கூடம். அதைச் சுற்றி வரிசையாகச் சிறு அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேருக்குக் கட்டிலும் சிறு அலமாரியும் வைக்க மட்டுமே இடம். நோயாளிகள் தாமே சமைத்துக்கொண்ட பொதுச் சமையலறையில் ஒவ்வொருவருக்கும் தனிப் பெட்டி இருக்கிறது. மேற்கு நார்வேயின் ஏழைக் குடியானவர் பலர் இவ்வாசலுக்குள் வந்தபின் திரும்பிப் போகவே இல்லை. அங்கே பணியாற்றிய பாதிரியார் வெல்ஹாவன், நோயாளிகளின் நிலையை 1816-இல் எழுதி வெளியிட்டபின்தான் நாட்டின் கவனம் இதன்மீது திரும்பியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஐரோப்பாவிலேயே தொழுநோயாளிகள் மிகுந்த நகரமாகவும், அந்நோய் ஆராய்ச்சியின் தலைமையிடமாகவும் பெர்கன் விளங்கியது. இது பரம்பரை நோய் என்றே மருத்துவர் டானியல் டானியல்சென் முதலியோர் நம்பினர். 1856-இல் தொடங்கிய தேசிய நோயாளர் பதிவேடு, எந்தக் குடும்பத்தில், எந்த ஊரில், எப்போது நோய் தோன்றியது என்பதைக் காட்டியது. அதை ஆராய்ந்து இது தொற்று என்ற முடிவுக்கு வந்தவர் டானியல்செனின் மருமகனான கெர்ஹார்ட் ஆர்மௌவர் ஹான்சன். 1873-இல் நோயாளியின் திசுவில் கோல்வடிவக் கிருமியை நுண்ணோக்கியில் அவர் கண்டார். தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் தொழுநோய்க்கு ஹான்சன் நோய் என்ற பெயர் வழங்குவது இவரால்தான். அவரது வரலாற்றில் ஒரு கறையும் உண்டு: தொற்றை மெய்ப்பிப்பதற்காக ஒரு பெண் நோயாளியின் கண்ணில், அவரது ஒப்புதலின்றிக் கிருமியைச் செலுத்த முயன்றதற்காக 1880-இல் நீதிமன்றம் ஹான்சனைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து, மருத்துவமனைப் பதவியிலிருந்து நீக்கியது. நோயாளியின் சம்மதம் என்ற கருத்தே வலுப்பெறாத காலத்தில் வந்த அத்தீர்ப்பு, கண்டுபிடிப்புக்கு நிகராக நினைக்கத் தக்கது. புனித யோர்கன் மருத்துவமனையின் கடைசி இரு நோயாளிகள் 1946-இல், அரைநூற்றாண்டுக்கு மேல் இங்கே வாழ்ந்தபின் இறந்தனர். பெர்கன் தொழுநோய் ஆவணங்களை 2001-இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

நகருக்குத் தெற்கே இரண்டு இடங்கள் உள்ளன. ஃபான்டோஃப்டில் இருப்பது ஸ்டாவ் தேவாலயம். தரையில் ஊன்றாமல், கல்மீது கிடத்திய விட்டங்களில் செங்குத்துத் தூண்களை நிறுத்திப் பலகைகளால் அடைக்கும் முறை இதன் சிறப்பு. இடைக்காலத்தில் நார்வே முழுவதும் பரவியிருந்த இவ்வகைத் தேவாலயங்களில் இன்று 28 மட்டுமே எஞ்சியுள்ளன. 1150-ஐ ஒட்டி ஃபோர்டூன் என்ற ஊரில் கட்டப்பட்டு, 1883-இல் பெர்கனுக்குப் பெயர்க்கப்பட்ட இந்தத் தேவாலயம் 1992-இல் தீவைப்பில் அழிந்தது. அதே அளவில், அதே முறையில் மீண்டும் கட்டி 1997-இல் முடித்தார்கள். மூலம் போய்விட்டது என்று வருந்துவோர் உண்டு. ஆனால் பெர்கன் எப்போதும் செய்துவந்ததையே இங்கும் செய்திருக்கிறது.

மற்றொன்று டிரோல்ட்ஹௌகன். பெர்கனில் பிறந்த இசையமைப்பாளர் எட்வர்ட் கிரீக் 1885 முதல் 1907-இல் இறக்கும் வரை வாழ்ந்த இல்லம் இது. வீட்டைவிட, ஏரிபோல் அமைந்த கடற்கழியின் கரையில் அவர் 1891-இல் அமைத்துக்கொண்ட ஒற்றையறைக் குடில்தான் உள்ளத்தைக் கவர்கிறது: சுவரோரம் ஒரு பியானோ, சன்னலோரம் எழுதுமேசை, சாய்கட்டில், அவ்வளவே. திருடன் வந்தாலும் இசைத்தாள்களை விட்டுவிடும்படியும், அவற்றால் தன்னைத் தவிர வேறு யாருக்கும் பயனில்லை என்றும் அவர் எழுதி வைத்துச் செல்வது வழக்கம். கரையோரப் பாறைமுகத்தில் குடைந்த சிறு அறையில் அவரது அஸ்தியும் மனைவி நீனாவின் அஸ்தியும் வைக்கப்பட்டுள்ளன.

நகரம் முழுவதையும் ஒரே பார்வையில் காண, 1918 முதல் ஓடும் கம்பிவடத் தொடர்வண்டியில் ஃபுளோயன் மலைக்கு ஏறலாம். சில நிமிடங்களில் 320 மீட்டர் உயரத்தை அடைந்து விடுகிறது. ஏழு மலைகளுள் உயர்ந்த உல்ரிக்கனுக்கு, 643 மீட்டர், வானில் தொங்கும் கம்பிவடப் பெட்டிகள் செல்கின்றன. அட்லாண்டிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை இம்மலைகள் தடுத்து மேலே தள்ளுவதால்தான் பெர்கனில் ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டுகிறது. 2006 அக்டோபர் இறுதியிலிருந்து 2007 சனவரி வரை தொடர்ந்து 85 நாள்கள் மழை பெய்ததும் உண்டு. குடையைவிட மழைச்சட்டையே பயன்படும்.

மே முதல் செப்டம்பர் வரையான மாதங்கள் பயணத்துக்கு ஏற்றவை. உல்லாசக் கப்பல்கள் கூட்டத்தை இறக்குவதற்கு முன்னால், காலை எட்டு மணியளவில் பிரிக்கன் சந்துகளுக்குள் போய்விடுவது நல்லது. ஒரு நாள்தான் கிடைக்கும் என்றால் பிரிக்கனையும் புனித யோர்கன் மருத்துவமனையையும் மட்டும் ஆறஅமரப் பார்த்தால் போதும். ஆனால் அந்த மருத்துவமனை கோடைக்காலத்தில் மட்டுமே பார்வையாளருக்குத் திறந்திருக்கும் என்பதால், நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டறிந்து செல்ல வேண்டும்.